சின்ன ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போது அடிக்கிறதா? கியர்பாக்ஸைக் கழற்ற விடும் முன் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் சில மாதங்களில் ஒரு செகண்ட் ஹேண்ட் காரில் வந்து நிற்போம். மினிபஸ் டாக்ஸி எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபட நாளாகும், வேலை ஒரு மூலையில் இருக்கும், வீடு இன்னொரு மூலையில் இருக்கும். டர்பன் பக்கம் மேடு பள்ளம் அதிகம் என்பதால் சின்ன ஆட்டோமேட்டிக் கார்தான் வசதி என்று வாங்குவோம். அப்புறம் ஒரு நாள் அது இரண்டாவது கியருக்குப் போகும்போது டக்கென்று முதுகில் தட்டும். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “கியர்பாக்ஸ் போச்சு, மாத்திடுங்க.” எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் என் காரில் பாதிக் குறை என்ஜின் மவுண்ட், அதாவது என்ஜினைத் தாங்கும் ரப்பர், மீதி பழைய ஆயில். அதைத் தெரிந்துகொள்வதற்குள் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள், செலவில்லாதது முதலில் வரும்படிதான் அடுக்கியிருக்கிறேன்.

1. கார் வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் எதையும் தொடாதீர்கள்

இதுதான் முதல் படி. டீலரிடம் வாங்கிய காராக இருந்தால், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56, உங்களுக்கு ஆறு மாதம் பாதுகாப்பு தருகிறது. பழைய கார் என்றாலும் இது உண்டு. பொருளில் குறை இருந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்குத்தான். பழுது பார்த்துத் தந்து, மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்பி வந்தாலோ புதுக் குறை தெரிந்தாலோ, அவர்கள் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். “நாங்கள் பழுது மட்டும்தான் பார்ப்போம், அதுதான் எங்கள் பாலிசி” என்று கவுன்டரில் சொல்வார்கள். சட்டத்துக்கு மேலே பாலிசி கிடையாது.

ஆனால் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, நீங்கள் கையெழுத்துப் போட்ட வாங்கும் ஒப்பந்தத்தில் “கியர் மாறும்போது அதிர்வு இருப்பதை வாங்குபவர் அறிந்து ஏற்றுக்கொண்டார்” என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். குறையைக் குறிப்பாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால், பிறகு அந்தக் குறைக்காகவே கேட்பது கஷ்டம். பொதுவாக “பழைய வண்டி, குறைகள் இருக்கலாம்” என்று எழுதியிருந்தால் அது வேறு கதை, அதற்குப் பயப்படத் தேவையில்லை. இரண்டு, தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துக் கியர்பாக்ஸைத் திறந்துவிட்டு டீலரிடம் போனால், “நீங்கள் திறந்ததால்தான் கெட்டது” என்று முடித்துவிடுவார்கள்.

டீலர் கூடவே விற்றிருக்கும் வாரண்டி பாலிசி தனி விஷயம். அதில் கியர்பாக்ஸுக்கு இவ்வளவுதான் தருவோம் என்று ஒரு உச்சவரம்பு இருக்கும், சர்வீஸ் பில்கள் கேட்பார்கள், முக்கியமாகக் கழற்றுவதற்கு முன்பே அவர்களிடம் அனுமதி எண் வாங்கியிருக்க வேண்டும். கழற்றிய பிறகு போன் செய்தால் பைசா வராது.

தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் பெரும்பாலும் உதவாது. “ஃபுட்ஸ்டூட்ஸ்”, அதாவது இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்வது, என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். விற்றவர் குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் அவரைப் பிடிக்க முடியும், நிரூபிப்பதோ லேசில்லை. நேராக அடுத்த படிக்கு வாருங்கள்.

2. எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் விற்றுவிடுகிறார்கள். உள்ளே நாலு வகை இருக்கிறது, ஒன்றின் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது.

கியர் லீவரைப் பாருங்கள். பி (பார்க்கிங்) என்ற எழுத்தே இல்லாமல் ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்) மட்டும் இருந்தால் அது ஏஎம்டி. சுசுகி செலரியோ, எஸ்-பிரெஸ்ஸோ, ரெனோ க்விட் எல்லாம் இந்த ரகம். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் உங்களுக்குப் பதில் ஒரு இயந்திரம் செய்கிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தலை லேசாக முன்னே ஆடும், அது குறையே இல்லை, அதன் குணம். கியர் மாறப் போகிறது என்று தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், பாதி ஆட்டம் போய்விடும். இதைத் தெரியாமல் புதுக் கிளட்ச் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

பி இருந்து, ஹூண்டாய் கிராண்ட் ஐ10 அல்லது கியா பிகாண்டோ போல நாலு கியர் ஓடினால் அது டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் பகுதி) உள்ள பழைய பாணி ஆட்டோமேட்டிக். நால்வரில் இதுதான் அடி தாங்கும் ஆள், ஆயிலை மட்டும் கவனித்தால் போதும். பி இருந்தும் கியர் மாறுவதே தெரியாமல், என்ஜின் ஒரே சத்தத்தில் இழுத்துக்கொண்டே போனால் அது பெல்ட்டில் ஓடும் சிவிடி, பிந்தைய ஹோண்டா ஜாஸ்களிலும் சில நிசான்களிலும் வருவது. ஃபோக்ஸ்வாகன் போலோவில் டிஎஸ்ஜி என்று எழுதியிருந்தால் அது இரட்டைக் கிளட்ச்.

சந்தேகமாக இருந்தால் வின் எண்ணை (காரின் தனி அடையாள எண்) அந்தக் கம்பெனி டீலரின் பார்ட்ஸ் கவுன்டரில் கொடுத்துக் கேளுங்கள். கார் எங்கே வாங்கியது என்றெல்லாம் கேட்க மாட்டார்கள், எண்ணை அடித்துப் பார்த்துக் கியர்பாக்ஸ் வகையையும் அதற்குரிய ஆயில் பெயரையும் சொல்லிவிடுவார்கள். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், 5ஆவது படியில் தேவைப்படும்.

3. எப்போது அடிக்கிறது என்று எழுதி வையுங்கள்

“கியர் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், அவர் மனதில் உள்ள விலையுயர்ந்த பதில்தான் வரும். காலையில் குளிர்ந்த என்ஜினிலா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? எந்த வேகத்தில்? மேட்டில் ஏறும்போதா, ரோபாட் சிக்னலுக்கு நிறுத்த வரும்போதா? ஆர்பிஎம் முள் என்ன செய்கிறது? பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து டாஷ்போர்டை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டர்பனில் இருப்பவர்களுக்கு நல்ல சோதனைச் சாலை பைன்டவுனிலிருந்து க்ளூஃப் ஏறும் எம்13, அந்த ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றம். கடற்கரைச் சாலையில் ஒழுங்காக ஓடுகிற கார் அங்கே உண்மையைச் சொல்லிவிடும்.

எழுதியதை வைத்து ஓரளவு நீங்களே யூகிக்கலாம். நின்ற இடத்தில் பி-யிலிருந்து ஆருக்குப் போட்டால் தொம்மென்று விழுகிறது, ஓடும்போது சரியாக இருக்கிறது என்றால் முதலில் மவுண்ட் பக்கம் பாருங்கள். டி போட்ட பிறகு இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடக்காமல், பின் சட்டென்று பிடித்தால் ஆயில் குறைவு அல்லது அழுத்தக் குறைவு. ஆர்பிஎம் எகிறி வேகம் கூடவில்லை என்றால் உள்ளே வழுக்குகிறது, அதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் சின்னச் செலவு பெரிய செலவாகும், நிறுத்திவிடுங்கள். ஏஎம்டி காரில் மேட்டில் கிளம்பும்போது கடகடவென்று உதறினால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொண்டு அதற்கு மேல் போகவே மறுத்தால், கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டது என்று பொருள், மெதுவாக வீடு வரை ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

டார்க் கன்வெர்ட்டர் காரில் ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது, சாலையோர வரிக்கோட்டில் டயர் ஏறியது போல ஒரு நடுக்கம் வரும். அப்போது ஆக்ஸிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக்கை மிக லேசாகத் தொடுங்கள், விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும். பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பாருங்கள். நடுக்கம் உடனே நின்றால் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச், அதாவது சீரான வேகத்தில் கன்வெர்ட்டரை இறுக்கிப் பூட்டும் பகுதிதான் உதறுகிறது, பல நேரம் சரியான புது ஆயிலே இதைத் தீர்த்துவிடும். நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் என்ஜின், அல்லது வீல் பேலன்ஸ்.

4. கியர்பாக்ஸ் அல்லாதவற்றை முதலில் கழித்துவிடுங்கள்

மேட்டில் ஒரு சிலிண்டர் தீப்பிடிக்காமல் விட்டால் வரும் வெட்டும் கியர் வெட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்பார்க் பிளக், காயில், அழுக்கேறிய த்ராட்டில் பாடி, ஏர் ஃபில்டர் இவற்றைப் பாருங்கள். சின்னக் கார்களில் பிளக் செட் சில நூறு ராண்டுதான், கையோடு மாற்றிவிடலாம்.

மவுண்ட் பார்ப்பது இலவசம். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்தி, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, ஆருக்கும் டி-க்கும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், காருக்கு முன்னால் நிற்கவே கூடாது. என்ஜின் ஒரு கை அகலத்துக்குத் துள்ளினால் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது.

பேட்டரியை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏஎம்டியில் கிளட்சை மிதிப்பதும் கியரைத் தள்ளுவதும் மின்சாரத்தை நம்பி நடக்கிற வேலை. பேட்டரி கிழமாகி வோல்டேஜ் இறங்கினால் கியர் தடுமாறும். என்ஜின் நிறுத்திய நிலையில் மீட்டரில் 12.4க்கு மேல், ஓடும்போது 13.5லிருந்து 14.7க்குள் இருக்க வேண்டும். பெரும்பாலான பேட்டரிக் கடைகளில் சும்மாவே பார்த்துச் சொல்வார்கள், புதுசு விற்கும் ஆசையில்தான் என்றாலும் நமக்கென்ன. பிரேக் ஸ்விட்ச் கெட்டாலும் லீவர் நகராது, ஏஎம்டி கிளம்ப மறுக்கும். பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும்.

5. ஸ்கேன், அப்புறம் ஆயில்

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி-2 சாக்கெட் இருக்கும், கார் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழைக் குறியீடுகளைப் படிக்கும் இடம் அது. ப்ளூடூத் ரீடர் ஒன்று வாங்கினால் போனிலேயே பார்க்கலாம், ஆனால் மலிவான ரீடர்கள் பல என்ஜின் கம்ப்யூட்டரை மட்டும்தான் படிக்கும். பி0700 என்ற குறியீடு மட்டும் வந்தால் “கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் போய்க் கேள்” என்று பொருள், அவ்வளவுதான், கியர்பாக்ஸ் செத்துவிட்டது என்று பொருளில்லை. அந்தக் குறியீட்டைக் காட்டியே மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கிற ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள், எனக்கு 500லிருந்து 900 ராண்ட் வரை சொன்னார்கள். பி0715, பி0720 என்றால் வேக சென்சார் பக்கம், சென்சாரோ ஒயரோ கனெக்டரோ, கியர்பாக்ஸைக் கழற்றாமலே முடியக்கூடியவை. பி0741 லாக்கப் கிளட்ச் சம்பந்தப்பட்டது. பி0730, அதாவது கியர் விகிதம் பொருந்தவில்லை என்று வந்தால், வழுக்கல் இருக்கலாம், கவலைப்பட வேண்டியதுதான். அழிப்பதற்கு முன் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த ரிப்போர்ட் கேளுங்கள், தருவார்கள், காசு கொடுத்தது அதற்குத்தான்.

இனி ஆயில். டிப்ஸ்டிக் இருக்கிற கார் என்றால், நன்றாகச் சூடான பிறகு, சமதரையில், என்ஜின் ஓடும்போது, லீவரை எல்லா நிலைக்கும் ஒரு முறை கொண்டுபோய்ப் பி-யில் நிறுத்திவிட்டு அளவு பாருங்கள். மேனுவலில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதுதான் சரி. டிப்ஸ்டிக் இல்லாத கார்களில் குறிப்பிட்ட வெப்பநிலையில் அடியிலுள்ள பிளக்கைத் திறந்துதான் பார்க்க முடியும், அது ஸ்கேனரும் லிஃப்ட்டும் உள்ளவர் வேலை, நீங்கள் முயல வேண்டாம். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்போ இளம் பழுப்போ பரவாயில்லை. கரும்பழுப்பாகித் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த ரோஸ் நிறமாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது, காரை அப்படியே நிறுத்துங்கள், ஒரு தெரு கூட ஓட்டாதீர்கள். சிவிடி ஆயில் எல்லாமே சிவப்பாக இருக்காது, பச்சை, நீலம் கூட உண்டு, புது ஆயிலின் நிறத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஆயில் வகையில் ஒரு துளி கூட விட்டுக்கொடுக்காதீர்கள். ஹூண்டாய், கியாவின் அந்த நாலு கியர் பெட்டிக்கு எஸ்பி-3 என்பார்கள், நிசான் சிவிடிக்கு என்எஸ்-2 அல்லது என்எஸ்-3, ஹோண்டா சிவிடிக்கு எச்சிஎஃப்-2 அல்லது அதற்கு முந்தையது, மாடலைப் பொறுத்து. “எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இதேதான் ஊற்றுகிறோம்” என்று ஒரு பெரிய டிரம்மைக் காட்டினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சிவிடியில் சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட்டே போய்விடும். நீங்களே சீல் உடையாத டப்பாக்களை வாங்கிக் கொண்டுபோவது நல்லது.

ஒரு முறை வடித்து ஊற்றினால் முழு ஆயிலும் மாறாது, கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் பெரும்பகுதி நின்றுவிடும். அதனால் வடித்து ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் செய்வது நல்ல முறை. ஆயிலும் கூலியும் சேர்த்து ஒரு முறைக்கு எனக்கு 2,000 ராண்டை ஒட்டி வந்தது, ஃபில்டரும் மாற்றினால் கூடும். மிஷின் வைத்து அழுத்தத்தில் “ஃப்ளஷ்” செய்கிறோம் என்பார்கள், பல வருஷம் ஆயிலே மாற்றாத பெட்டிக்கு அது வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அடியில் படிந்திருக்கும் அழுக்கைக் கிளப்பி வால்வுகளுக்குள் கொண்டுபோய் விட வாய்ப்புண்டு. “வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லாத ஆயில்” என்ற பேச்சும் அப்படியே, யாருடைய வாழ்நாள் என்று அவர்கள் சொல்வதில்லை.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏடிஎஃப் கதையே பொருந்தாது. கியர்பாக்ஸில் மேனுவல் கியர் ஆயில்தான் இருக்கும். செலரியோ போன்றவற்றில் கிளட்சை இயக்க ஒரு சின்ன ஹைட்ராலிக் டப்பாவும் உண்டு, அதன் அளவு குறைந்தாலே கியர் முரண்டு பிடிக்கும்.

6. கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது

பேட்டரி மாற்றிய பிறகோ ஆயில் மாற்றிய பிறகோ புதிதாக ஒரு வெட்டு வந்தால் பயப்பட வேண்டாம். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் நீங்கள் ஓட்டும் விதத்தையும் கிளட்ச் தேய்மானத்தையும் கற்று வைத்திருக்கும், மின்சாரம் அறுந்தால் சில கார்களில் அது மறந்துபோகும். சில நாள் நிதானமாக ஓட்டினால் தானே சரியாகிவிடும், இல்லையென்றால் ஸ்கேனரில் “ரீலேர்ன்” செய்யச் சொல்லுங்கள். ஏஎம்டியிலும் டிஎஸ்ஜியிலும் கிளட்ச் மாற்றினால் இது கட்டாயம், செய்யாமல் காரைத் திருப்பித் தந்தால் எடுக்காதீர்கள்.

7. ஒர்க்‌ஷாப்பில் விடும்போது காகிதம்

கார் இன்னும் கம்பெனி வாரண்டியில் இருந்தாலும் வழக்கமான சர்வீஸை வெளி ஒர்க்‌ஷாப்பில் செய்யலாம், 2021 ஜூலை 1 முதல் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் அதற்கு இடம் தருகின்றன. வாரண்டியில் வரும் கியர்பாக்ஸ் பழுதை மட்டும் டீலரிடமே கொண்டுபோங்கள், இலவசமாக நடக்க வேண்டியதற்கு எதற்குச் செலவு.

வெளியில் விடுகிறீர்கள் என்றால் இவற்றை எழுத்தில் வாங்குங்கள். வேலைக்கு முன் கொட்டேஷன். நீங்கள் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் உங்களைக் கேட்காமல் வசூலிக்கக் கூடாது என்பது சட்டம். அதில் 15 சதவீத வாட் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், சேராத தொகையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கூட்டுவது இங்கே சாதாரணம்.

பெரிய பொறி “கழற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்” என்பது. அது பொய்யும் இல்லை, உண்மையிலேயே சில குறைகளைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் கழற்றி மேஜையில் பரப்பிய பிறகு உங்களுக்குப் பேரம் பேச இடமே இருக்காது. வேண்டாம் என்றாலும் கழற்றிய கூலி, மறுபடி பூட்டும் கூலி, நிறுத்தி வைத்த நாள் வாடகை என்று வரும். எனக்கு ஒரு இடத்தில் வாயால் சொன்ன தொகையும் பில்லில் வந்த தொகையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தது. கொட்டேஷன் தயாரிப்பதற்கே காசு என்றால் அதை முன்கூட்டியே சொல்லி உங்கள் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்க முடியாது. ஆகவே கழற்றும் முன் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி, “கழற்றிப் பார்க்க எவ்வளவு, வேண்டாம் என்றால் பூட்டித் தர எவ்வளவு” என்று பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைத் தனியாக வைத்து உங்களிடம் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான், பிரிவு 67. வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்ய என்று விட்டுவிடாதீர்கள். கேட்கிறீர்கள் என்று தெரிந்தாலே மாற்றாத பாகத்துக்குப் பில் போடத் தயங்குவார்கள்.

தகராறு வந்தால் முதலில் அந்த ஒர்க்‌ஷாப்புக்கோ டீலருக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் வாகனத் தகராறுகளை விசாரிக்கும் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் ஓம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். போகும்போது தேவைப்படுபவை: வாங்கிய ஒப்பந்தம், நாட்டிஸ் எனப்படும் வாகனப் பதிவுச் சான்றிதழ், சர்வீஸ் பில்கள், ஸ்கேன் ரிப்போர்ட், கொட்டேஷன், நீங்கள் அனுப்பிய செய்திகள். 3ஆவது படியில் எடுத்த வீடியோவையும் சேருங்கள்.

8. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

ரீபில்ட் செய்ய, அதாவது பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்க, எனக்கு 25,000 ராண்டுக்குக் கீழே யாரும் சொல்லவில்லை. இறக்குமதியான பழைய கியர்பாக்ஸ் அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது, பூட்டும் கூலி தனி. பழையதை எடுப்பது என்றால் மாடல் பெயரை நம்பாமல் கியர்பாக்ஸின் மேலுள்ள குறியீடு பொருந்துகிறதா என்று பாருங்கள், ஒரே காரில் வருஷத்துக்கு வருஷம் கம்ப்யூட்டரும் கனெக்டரும் மாறும். பதிவு பெற்ற செகண்ட் ஹேண்ட் பொருள் வியாபாரியிடம் பில்லோடு வாங்குங்கள், திருட்டுப் பொருள் என்று பின்னால் வில்லங்கம் வராது. புதிதாகவோ புதுப்பித்தோ போட்ட பாகத்துக்கும் அதைப் பூட்டிய கூலிக்கும் பிரிவு 57இன்படி குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. பழையதை அப்படியே எடுத்துப் பூட்டினால் அது இதில் வருமா என்று வாதம் வரும், எனவே எத்தனை நாள் உத்தரவாதம் என்று விற்கிறவரிடமே எழுதி வாங்குங்கள். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் சுத்தம் செய்யாமல் பூட்டினால் பழைய பெட்டியின் இரும்புத் தூள் புதுப் பெட்டிக்குள் போகும், அதையும் கொட்டேஷனில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நாள் கணக்கைப் பொறுத்தவரை, ஆயில் வேலை அரை நாள், கியர்பாக்ஸ் மாற்றம் பாகம் கையில் இருந்தால் இரண்டு மூன்று நாள், ரீபில்ட் என்றால் ஒரு வாரம் என்று சொல்லி இரண்டு வாரம் ஆக்குவார்கள். டிசம்பர் நடுவில் கொடுக்காதீர்கள், நிறைய ஒர்க்‌ஷாப்புகள் மூடி ஜனவரியில்தான் திறக்கும்.

காரை எடுக்கும்போது பணம் கட்டும் முன் மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்கார வைத்து, என்ஜின் முழுச் சூடு ஏறும் வரை, ஒரு மேடாவது ஏறி இறங்கி ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் அடியில் குனிந்து ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். பில்லில் தேதியோடு ஓடோமீட்டர் அளவையும் கியர்பாக்ஸ் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள், உத்தரவாதம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.